வழி விடாதவர்

காரைக்காலில் பிரெஞ்சு படித்தவள் என்பதற்காகத்தான் துபாயில் அந்த விளம்பரக் கம்பெனி எனக்கு வேலை கொடுத்தது. ஆனால் மேனேஜர் அனந்தகிருஷ்ணனுக்கு வேண்டியது மொழிபெயர்ப்பு இல்லை, பூசி மெழுகுவது. மூன்று வருடம் பூசினேன். விசா அவர் கையில் அல்லவா இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு சைக்கிள் கடைத் திறப்புக்கு மர்செல் தூவெர்னே என்ற பழைய பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரை வரவழைத்தோம். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் பிரான்சில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பெரிய பந்தயம் ஒன்றைக்கூட அவர் ஜெயித்ததில்லை, எப்போதும் இரண்டாமிடம்தான். ஜெயித்தவர்களை மறந்துவிட்ட ஜனங்கள் இவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

விழாவுக்காக ஊருக்கு வெளியே ஜெபல் அலி பக்கம் ஒரு சின்னப் பந்தயம் ஏற்பாடாகியிருந்தது. கடை முதலாளி ஃபைசலும் அதில் ஓட்டுவார். முதல்நாள் மாலை ஹோட்டலில் மர்செலை வைத்துக்கொண்டே மேனேஜர் தமிழில் சொன்னார்.

"கடைசில முதலாளிய முன்னால விட்டுடச் சொல்லு, நஸீரா. ரெண்டாவதா வர்றது இவருக்குப் பழக்கம்தானே. அத மட்டும் சொல்லாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழக்கம் என்றதையும் சேர்த்தே சொன்னேன்.

மர்செல் கோபப்படவில்லை. அவர் நாட்டுச் சின்ன ஊர்களில், பெரிய பந்தயம் முடிந்த கையோடு வேடிக்கைப் பந்தயங்கள் நடக்குமாம். யார் ஜெயிப்பது என்று வீரர்கள் முன்பே பேசி வைத்துக்கொள்வார்களாம். அந்தப் பேச்சுக்குத் தான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்றார்.

"என்னை ஜெயித்தவர்கள் என்னைவிட வேகமானவர்கள். நான் யாருக்கும் வழி விட்டதில்லை. நாளைக்கு விட்டால், என் இரண்டாமிடம் எல்லாமே பொய்யாகிவிடும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். முடியாது என்கிறார் என்று நேராகச் சொன்னேன். நாளைக்கு மாறாக ஏதாவது நடந்தால் நான் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான் என்றார். பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை அந்த அறுபது வயது மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கடைசித் திருப்பம்வரை அவர்தான் முன்னால். அதற்குப் பிறகு, வயதில் பாதியான ஃபைசல் உயிரைக் கொடுத்து மிதித்து ஒரு சக்கர அளவில் முந்திவிட்டார். இருவரும் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். சொன்னபடி விட்டுக்கொடுத்ததற்கு நன்றி என்று மர்செலிடம் சொல்லச் சொன்னார். என் கையில் மைக் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே அதில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன்.

ஃபைசல் முகம் செத்துவிட்டது. அப்படியானால் தான் ஜெயிக்கவே இல்லையா என்று என்னிடம் கேட்டார். மேனேஜர் வேண்டாம் என்று கையசைத்தார். நான் கேள்வியை மர்செலிடம் சொன்னேன்.

மர்செலுக்கு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"நான் விட்டுக்கொடுத்திருந்தால் உனக்கு இப்படி மூச்சு வாங்குமா?"

அதையும் மைக்கில்தான் சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல்.