கன்னப்பக்க ஈறு

பல் டாக்டருக்குப் படித்த பெண்களாகத் தேடிப் பிடித்துத் தன் இரண்டு மகன்களுக்கும் கட்டிவைத்த மகானுபாவர் அந்த மாமனார். வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக். அதை அவர் கடை என்றுதான் சொல்வார். மூத்த மருமகள் பல்லைப் பிடுங்குவாள், இளையவள் சொத்தையை அடைப்பாள், அவர் வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டு மருமகள்களும் ஒரே வருடத்தில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடும்வரை.

"ரெண்டு பேரும் போயிட்டா கடையை யாரு பாக்குறது? நானா பல்லுப் புடுங்குறது? ஒருத்தி போங்க. யாருன்னு நான் சொல்றேன்" என்றுவிட்டார்.

அன்று பிடித்தது சனி. ஓரகத்திகளுக்குள் உரசல் சகஜம்தான். இவர்கள் கத்தியே தீட்டினார்கள். சின்னவள் குக்கரை இறக்கும் நேரம் பார்த்துப் பெரியவள் கேட்பாள்: "உமிழ்நீர்ச் சுரப்பியில கல்லு வந்தா, அதிகமா எதுல வரும்?"

"தாடைக்கு அடியில இருக்கிறதுல. இதெல்லாம் காலேஜ்லயே படிச்சாச்சுக்கா." அந்த 'அக்கா'வில் இருந்த மரியாதையைத் தராசில் வைத்தால் முள் அசையாது. "நான் கேக்கட்டா? அடிபட்டு விழுந்த பல்லை எதுல போட்டுக் கொண்டுவரணும்?"

குழந்தையிடம் கேட்கிற கேள்வி. வேண்டுமென்றே கேட்டது.

"பால்ல" என்றாள் பெரியவள், கடுப்பை விழுங்கிக்கொண்டு.

பெரியவளுக்கு இந்த வருடம் விட்டால் இனி இல்லை. முன்பு ஒருமுறை இடம் கிடைத்தும் பிரசவம் குறுக்கே வந்து விட்டுப்போனது. நேற்று வந்தவள் தனக்கு முன்னால் நுழைந்துவிடுவாளோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

இந்த லட்சணத்தில் மாமனாருக்கே பல்வலி. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல், வேர்வரை சொத்தை. எடுத்தே ஆகவேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சின்னவளே எடுக்கட்டும். பெரியவ கூட நின்னு எடுத்துக் குடுக்கட்டும்" என்றார்.

பல் பிடுங்குவது பெரியவளின் வேலை. அவளை எடுபிடியாக நிறுத்திவிட்டுச் சின்னவளைக் கூப்பிடுகிறார் என்றால் மனுஷன் முடிவு பண்ணிவிட்டார் என்றுதானே அர்த்தம்? அவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னவள் தாடையின் உட்பக்கம் ஊசி போட்டாள். குறை சொல்ல முடியாதபடி போட்டாள். மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில், மாமனார் காதில் விழும்படி பெரியவள் ஆரம்பித்தாள்.

"இந்த ஊசி போட்டாலும் மரத்துப்போகாத இடம் எது?"

"கன்னப்பக்கத்து ஈறு. அதுக்கு நரம்பு தனி, ஊசி தனி. கொஞ்சம் கஷ்டமாவே கேக்க மாட்டீங்களாக்கா?"

சரியான விடை. சொன்ன மிதப்பிலேயே சின்னவள் தட்டுக்குள் கையைவிட்டாள். எடுத்தது ஊசியை அல்ல, ஈறைப் பிரிக்கும் கருவியை.

இரண்டாவது ஊசி, மருந்து ஏற்றியபடி, தட்டில் கிடந்தது. தட்டைப் பிடித்திருந்தவள் பெரியவள். "ஊசி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. படட்டும் மகாராணி என்று நினைத்துக்கொண்டு விளக்கைச் சரியாகத் திருப்பிக்கூடக் கொடுத்தாள்.

கருவி ஈறில் பட்டதுதான் தாமதம், மாமனார் அலறிய அலறலில் வாசலில் காத்திருந்த ஒருவர் தனக்கு வலி போய்விட்டதாகச் சொல்லி எழுந்து போனார்.

சின்னவள் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ மாமா! ரெண்டாவது ஊசி... மறந்தே போயிட்டேன் மாமா!"

பெரியவள் விடுவாளா? "வாய் கிழிய விடை சொல்லத் தெரியுதுல்ல? போடத் தெரியல! இவளை நம்பி வாயைக் குடுத்தீங்களே மாமா. ஊசி இங்கதான் கிடக்கு, பாருங்க. எடுப்பா எடுப்பான்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சின்னவள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்தார். பாதி உதடு மரத்திருந்ததால் வார்த்தைகள் குழறின. ஆனாலும் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொன்னார்.

"அவ மறந்துட்டா. நீ மறக்கலையே."

"மாமா, நான்..."

"பரீட்சைக்கு நீயே போ. மறந்தவளுக்கு ஞாபகப்படுத்திடலாம். இனிமே உன் முன்னாடி வாயைத் தொறக்க எனக்குப் பயமா இருக்கு."

பெரியவள் தட்டோடு நின்றாள். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது.

சின்னவள் அந்தத் தட்டிலிருந்த ஊசியை எடுத்தாள். மாமனார் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.