நீலம் விலகிய வரைபடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்து நில வரைபடம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, தன் தாத்தா வெட்டிய கிணற்றை அதில் காட்டினார். அன்றைக்கே நானும் என் ஊரைத் தேடினேன். அது இரண்டு தாள்களுக்கு நடுவே, ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வயிறு எரிந்தது. எரிச்சலை நானே வைத்துக்கொண்டு என்ன செய்ய? கதையில் வரும் கற்பகவல்லியிடம் கொடுத்துவிட்டேன்.

2

'திருத்தங்கல் அச்சகங்களின் மை வாசம் காலையிலேயே...'

[வேண்டாம். வாசத்தில் தொடங்கும் கதைகள் போதும்.]

'கற்பகவல்லிக்கு பிரீத்தியைப் பிடிக்காது.' இது சரி.

கற்பகவல்லி மூத்த மருமகள். திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் குடும்பக் கம்பெனியை அவள்தான் நடத்துகிறாள். பிரீத்தி இளையவள், பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. அவர்களுடைய குலதெய்வம் இருளப்பசாமி. திருத்தங்கலில் இருப்பது பிடிமண் கோயில்.* மூல இடம் அச்சங்குளம் பக்கம் ஏதோ கண்மாய்க்கரை என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பிரீத்தி பழைய வரைபடத்தில் ஒரு கண்மாயை ஒட்டிக் கோயில் குறியைக் கண்டுபிடித்தாள். இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் கண்மாய்க்குக் கண்மாய் பொருத்திவைத்து, "இந்தக் கருவேலங்காடுதான் மாமா" என்று காட்டிவிட்டாள்.

மாமனார் சங்கரபாண்டியன் கண்கலங்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மூல இடம் தெரிஞ்ச பெறவு பிடிமண்ணுல பொங்கக் கூடாது. மாசியில அங்கனயே போய் வைப்போம். மொதப் பானை பிரீத்தி வைக்கட்டும். கண்டுபிடிச்ச பிள்ளைல்லா."

முதல் பானை மூத்த மருமகளுடையது. கல்யாணமான வருஷத்திலிருந்து கற்பகவல்லி வைத்துவந்தது. "சரிங்க மாமா" என்றாள். [முகம் கறுத்தது என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனாள். பிரீத்தியின் காப்பியில் மட்டும் சர்க்கரை போடவில்லை.]

* ஊர் மாறிப் போகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, அதை வைத்துப் புதுக்கோயில் எழுப்புவார்கள். தெரிந்தவர்கள் மன்னிக்க.

3

ஒரு பானைக்கா இவ்வளவு? எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. யோசித்துப் பார்த்தேன். கம்பெனியை நடத்துவது அவள். பெயர்ப் பலகையில் இருப்பது கணவன். வருகிற ஆர்டர் எல்லாம் அவள் பேசி முடித்தது. சுவரில் தொங்கும் படம் மாமனாருடையது. குடும்பமே அவள் கையைப் பார்த்துக் காத்து நிற்பது வருஷத்தில் ஒரே ஒருநாள், அந்தப் பானை பொங்கும்போது. இதை எழுதிய பிறகு எனக்கும் அந்தப் பானைமேல் ஆசை வந்துவிட்டது.

4

வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொள்ள பிரீத்தி அச்சகத்துக்கு வந்தாள்.

"கோயில்ல மாட்டணும்க்கா. நல்லா போட்டுத் தாங்க."

கற்பகவல்லி கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்திருந்தால் அத்தனை காலண்டரையும் கழித்துவிடுகிறவள் அவள். பார்த்ததுமே பிடிபட்டது. நீலம் விலகியிருக்கிறது. கண்மாய்த் தண்ணீரின் நீலம், கறுப்பில் போட்ட கரையைத் தாண்டிக் கிழக்கே வழிந்திருந்தது. மேற்கே ஒரு வெள்ளைக் கீற்று. கறுப்பு ஒருமுறை, நீலம் ஒருமுறை என்று அச்சடிக்கையில் தாள் நகர்ந்திருக்கிறது. பிரீத்தி பொருத்தியது நீலத்தை. கோயில் குறியோ கறுப்பு; நீலத்தை இழுத்துப் பொருத்தியதில் அதுவும் சேர்ந்து மேற்கே நகர்ந்துவிட்டது. அப்படியென்றால் சாமி இன்னும் கிழக்கே இருக்கிறார்.

சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். பிரீத்தி போன பிறகு கறுப்புக் கரையை வைத்துப் பொருத்திப் பார்த்தாள். கோயில் குறி ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலிக்குள், மருந்து அறைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

தீப்பெட்டியோடு வாசலைக்கூடத் தாண்ட முடியாத இடம். அங்கே அடுப்பு மூட்ட எவன் விடுவான்? உண்மையைச் சொன்னால் பிரீத்தியின் பானை போய்விடும். பிடிமண்ணில் பொங்கக் கூடாது என்றுவிட்டார் மாமனார். ஆகவே இவள் பானையும் என்றைக்குமாகப் போய்விடும்.

படத்தை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

5

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். சங்கரபாண்டியன் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். [எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பிக்கையில்லை.]

முடிவு ஆ: சொல்லவில்லை. வெறுங்காட்டில் பிரீத்தியின் பானை பொங்குவதை உள்ளுக்குள் சிரித்தபடி... [சிரிக்கமாட்டாள். அவளுக்குச் சாமி பயம் உண்டு.]

மூன்றாவதாக ஒன்று தானாகவே வந்தது. மாசியில் ஒரு காலை. கருவேலஞ்செடிகளை வெட்டி ஒதுக்கி, மூன்று கல் கூட்டினார்கள். சங்கரபாண்டியன் மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார். பிரீத்தி தீப்பெட்டியை எடுத்து, கற்பகவல்லியின் கையில் வைத்தாள்.

"மாமாகிட்ட பேசிட்டேன்க்கா. மொதப் பானை நீங்கதான் வைக்கணும். நான் சும்மா படத்தத்தான பாத்தேன்."

நல்ல பெயரும் இவளுக்கே போய்விட்டதே என்று கற்பகவல்லிக்கு இன்னும் எரிந்தது. ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது; சாமிதான் இங்கே இல்லை. கிழக்கே, வேலிக்கு அந்தப்பக்கம், பட்டாசுக் கம்பெனி அறைகள் வெயிலில் தெரிந்தன.

"பத்த வையும்மா, நேரமாகுது" என்றார் சங்கரபாண்டியன்.

கற்பகவல்லி குச்சியை எடுத்தாள். கிழக்கே பார்த்தாள். "மாமா..." என்றாள்.

6

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. உரசினாலும் சொன்னாலும் அவள்மேல் எனக்குப் பொறாமைதான் வரும். அவளுக்காவது வெட்டுப்படாத தாள் கிடைத்தது. அந்த 'மாமா'வுக்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அரிசி களைந்து வைத்தாயிற்று, எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.