பதினான்காம் எண் படம்

அன்று காலை மொந்தேவிதேயோ ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: பேராசிரியர் வால்தெமார், அவர் மாணவி நோயெலியா, உதவியாளர் கிரிசெல்டா, இரவெல்லாம் அடைகாக்கும் பெட்டிக்குக் காவல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகாத நான், நூற்றிருபது கோழிமுட்டைகள், வால்தெமாரின் மூக்கில் ஒரு புண்.

புண்ணுக்கு வயது ஒன்றரை. சவரக் காயம் என்பார். மூக்கில் யார் சவரம் செய்வார்கள் என்று கேட்டால், தூண்டில் கீறியது என்பார்.

முப்பது வருடமாக அவர் ஆராய்வது ஒரே புரதம். முள்ளெலி என்று அதற்குப் பெயர். வைத்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. கருவில் எந்த விரல் எங்கே முளைக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அது குறைந்தால் குஞ்சுக்கு ஒற்றைக் கண். வளர்ந்த தோலில் அதன் கட்டளை அடங்கிக் கிடக்க வேண்டும். வெயில் கடிவாளத்தை அறுத்துவிட்டால் புற்றுக்கட்டி வளரும். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்ட எனக்கே இது தெரியும்.

வியாழன்தோறும் மாதிரிகளின் படங்களைத் திரையில் போட்டுப் பார்ப்போம். யாருடைய மாதிரி என்று தெரிந்தால் மனம் சாயும். அதனால் எண் மட்டும்தான் இருக்கும். மதே என்னும் கசப்புத் தேநீர்க் குடுவை கைமாறும். வால்தெமார் திட்டுவார்.

அன்று பதிமூன்றாம் எண், ஒற்றைக்கண் குஞ்சு.

“முள்ளெலிய அடக்குற மருந்து அதிகம்மா. குஞ்சு கேட்டா பூதத்தப் பண்ணியிருக்கே.”

பதினான்கு. பளபளக்கும் விளிம்பு, மெல்லிய ரத்த இழைகள், நடுவில் குழி.

“கோழி இல்லையே. மனுசத் தோலு. முள்ளெலி வேலைதான், சந்தேகமே இல்ல. எந்த மடையன் இத இவ்ளோ நாள் வளரவிட்டான்?”

“என்ன செய்யணும்?” என்றாள் நோயெலியா.

“இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டி வெட்டி எடுக்கணும். விட்டா உள்ள தின்னுக்கிட்டே போவும்.”

“எந்த இடம்னு கேளு, பெருசு,” என்றாள் கிரிசெல்டா.

“எந்த இடம்?”

“உன் மூக்கு. போன வாரம் நீ குறட்டை விட்டப்ப எடுத்தோம்.”

அவர் கை குடுவைக்கு நீண்டது. அவள் கொடுக்கவில்லை.

“அடுத்த மாசம் போறேன். இன்னிக்கு நாப்பது முட்டைக் கருவுல புரதம் ஊறின பாசிமணி வைக்கணும். நாளைக்குள்ள கரு வளந்துடும், ஆவாது.”

“நான் வைக்கிறேன்,” என்றேன்.

“நீ விட்டுட்டு ஓடினவன்.”

“ஓடினவன்தான். ஆனா என் மூக்கு முழுசா இருக்கு.”

நோயெலியா தோல் மருத்துவரிடம் பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தாள். கிரிசெல்டா அவர் தலையில் தொப்பியைக் கவிழ்த்து வெளியே தள்ளினாள்.

“முட்டையச் சாய்ச்சிடாதீங்கடா!”

கதவைச் சாத்திப் பூட்டினேன். அவரிடமும் ஒரு சாவி உண்டு என்பது நினைவுக்கு வந்தது. உள்தாழ்ப்பாளையும் போட்டேன்.