பறி கவ்விய வாய்

எண்ணூர்க் கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு மௌனமே தொழில் விதி. பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வி, கழுத்தளவு நீரில் மண்டியிட்டு ஊர்ந்து, இரு கையாலும் சேற்றைத் துழாவுவர். குப்பம்மாவும் அவ்வாறே துழாவிக்கொண்டிருந்தாள்.

திடீரென விரல்களில் மாவாய்க் குழைந்த சாம்பல் தட்டுப்பட்டது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் மறுபடியும் வெடித்திருக்கிறது. சேறு, தான் பிடித்த காலை விட்டுவிடும்; சாம்பல் விடாது. போன மழைக்காலத்தில் அது ஓர் எருமையை விழுங்கியதை ஊரே பார்த்தது.

தலையை மட்டும் நிமிர்த்தினாள். ஓரகத்தி வினிதா அந்தக் குழாய்ப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தாள். கடலேற்றமும் தொடங்கி, கழியில் நீர் உயர்ந்துகொண்டிருந்தது.

குப்பம்மா தொண்டைக்குள் உறுமினாள். வினிதா திரும்பவில்லை. கைகளோ மணிக்கட்டுவரை சாம்பலில் அகப்பட்டிருந்தன. பறியைத் தாங்க வழியில்லை. வாயைத் திறந்தால் இன்றைய குழம்பு போகும். வடிவுடையம்மையை நெஞ்சுக்குள் அழைத்து, திறந்தாள்.

“அடியே, அங்க போவாத! சாம்பல் கீது!”

ஏற்றநீர் பறியை இழுத்துக்கொண்டு போயிற்று.

வினிதா எழுந்து நின்று, தன் பறியை வாயிலிருந்து கையில் வாங்கிச் சிரித்தாள். “நான் நல்ல எடம் புடிச்சா மட்டும் உனுக்குச் சாம்பல் தெரியுதாக்கா? நேத்து தண்ணி லாரிகிட்ட எங்கூட சண்ட போட்ட வாய்தான அது!”

மேலும் ஓரடி வைத்தாள். தொடைவரை புதைந்தாள். உதறினாள், இடுப்புவரை போயிற்று. நீர் மோவாயைத் தொட்டது.

“அக்கா…”

“உதறாத! மல்லாக்க சாஞ்சுக்க! கால மெதுவா ஆட்டு!”

நின்றால் தானும் புதைவாள் என்பதால் குப்பம்மா கைகளை உருவிக்கொண்டு, குப்புறப் படுத்தே ஊர்ந்து சென்றாள். வினிதாவின் அக்குளில் கைகோத்து, அலை தூக்குந்தோறும் இழுத்தாள். ஒரு கால் வந்தது. மறுகால் வரவில்லை. அலை இருவர் முகத்தையும் மூடித் திறந்தது.

“பறிய உட்டுத் தொலடி!”

வினிதா விடவில்லை, மார்போடு அணைத்திருந்தாள். அடுத்த அலையில் மறுகாலும் வந்தது.

இருவரும் கரையேறியதும், இறால் வாங்கும் தாமோதரன் ஐஸ் பெட்டியோடு ஓடிவந்தான். அவன் கை முதலில் பறிக்குத்தான் நீண்டது. வினிதா ஓர் இறாலின் தலையைக் கிள்ளினாள். செவுள் முழுதும் சாம்பல்.

“அலசினா போயிடும், குடு. துட்டு தரேன்.”

“எம் புள்ளைக்குப் போடாதத உனுக்கு எதுக்குத் தரணும் நைனா?”

பறியை மணலில் கவிழ்த்தாள். குப்பம்மா கையால் வினிதாவின் காலிலிருந்த சாம்பலை வழிக்கத் தொடங்கினாள். அது எளிதில் வரவில்லை.