மெர்வின் கொம்பு

பந்தய நேரத்தைக் குறிக்கும் சிப்பைச் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே கட்டிக்கொள்ள, ஆளுக்கு இரண்டு கேபிள் டை, அந்த நீளமான பிளாஸ்டிக் பட்டி, கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மெர்வ் இரண்டையும் ஹெல்மெட்டில் கொம்பு மாதிரி மாட்டிக்கொண்டார்.

"யோவ், அது சிப் கட்டக் குடுத்தது!"

"செப்டம்பர் மாசம், லோர்னா. இங்க மேக்பை பறவை குஞ்சு பொரிக்கிற நேரம், பறந்து வந்து மண்டையிலயே கொத்தும். கொம்பைப் பாத்தாதான் பயப்படும். என் சிப்பை உன் பையில போட்டுக்கோ. கூடவேதான வரப்போறேன்?"

"கிழிச்ச."

நான் முடிவுக்கோட்டைத் தாண்டியதும், எங்கள் ஊர் அறிவிப்பாளர் திரையைப் பார்த்துவிட்டு மைக்கில் அலறினார்.

"லோர்னா, மெர்வ்! ரெண்டு பேரும் ஒரே நொடியில! நாப்பது வருஷமா பிரியாத ஜோடி! கைதட்டுங்க!"

கூட்டம் தட்டியது. நான் தனியாக நின்று கையசைத்தேன். பிரியாத ஜோடியில் மற்றது ஆறு கிலோமீட்டர் பின்னால் கொத்து வாங்கிக்கொண்டிருந்தது, கொம்போடு.