பொத்தான் படுக்கவில்லை

தையல்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. நேற்றுவரை "படு" என்றதும் மோவாயைத் தரையில் வைத்துச் சாதுவாகப் படுத்த அவருடைய நாய் பொத்தான், இன்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

நாய்க்கு எதையும் புதிதாகத் திணிக்காதீர்கள், அது தானாகச் செய்வதற்கே ஒரு பேர் வைத்து பிஸ்கட் கொடுங்கள் என்று, சட்டை தைக்க வந்த கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். பொத்தான் இஸ்திரி மேசைக்கடியில் படுக்கும்போதெல்லாம் இவர் "படு" என்பார், கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், குனிந்து பிஸ்கட் கொடுப்பார். டேப்போடு குனிந்தால் தொலைந்தது. ஏற்கெனவே இரண்டைக் கடித்து நாராக்கியிருந்தது. மூன்றே வாரத்தில் சொன்னவுடன் படுக்கத் தொடங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை வருவேன். மறுபடி என் மேல பாஞ்சா, நாய் இங்க இருக்கக் கூடாது."

இன்று ஞாயிறு. கடை லீவு. குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"சட்டையப் பாத்து வேற ஆளுன்னு நெனச்சுக்கிச்சோ?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, பழைய சட்டைக்கு மாறினார். பொத்தான் அசையவில்லை.

வீட்டுக்கார அம்மா உள்ளே வந்ததும் பொத்தான் அவர் மேல் பாய்ந்தது. "படு! படு!" என்று தையல்காரர் தொண்டை வற்றக் கத்தினார்.

"அவ்வளவுதான். நாளைக்கே அனுப்பிடுங்க," என்றார் அந்த அம்மா, கையிலிருந்த துணியை நீட்டி. "இதுக்காவது ஒழுங்கா அளவெடுங்க."

தையல்காரர் ஆணியிலிருந்த டேப்பை எடுத்துப் பழக்கதோஷத்தில் கழுத்தில் போட்டார். நோட்டைத் தேடி எடுத்து வந்து, அளவெடுக்க டேப்பைக் கழற்றினார்.

தொப்பென்று படுத்தது பொத்தான்.

"இப்ப ஏன் படுத்துச்சு?"

"சத்தியமா தெரியலைங்க." டேப்பை மறுபடி போட்டார், எழுந்தது. கழற்றினார், படுத்தது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்று அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்போ நான் சொன்னத அது கேக்கவே இல்லியா?" என்றார் மனைவியிடம்.

"நான் மட்டும் கேட்டேனாக்கும்! 'இதோ வந்துட்டேன்'னு இருபது வருஷமா சொல்றீங்க. டேப்பு ஆணிக்குப் போனாத்தான் நான் தட்டே எடுத்து வைப்பேன்."

டேப்பைக் கழுத்தில் போடுவதா, ஆணியில் மாட்டுவதா என்று தெரியாமல் நின்றார். மனைவியும் நாயும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.