ஏழாவது மாடியில் விட்டவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கைப்பேசி விளையாட்டுகள் செய்கிற நிறுவனம் அது. ஒரு விளையாட்டை வெளியே விடும் முன் முந்நூறு பேரிடம் கொடுத்து விளையாடச் சொல்வார்கள். அவர்கள் எந்த இடத்தில் அலுத்துப்போய் மூடுகிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தை வெட்டி எறிவது அவள் வேலை. பதினோரு வருஷமாக வெட்டுகிறாள். அவள் கைபட்ட எதுவும் சந்தையில் படுத்ததில்லை என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

அவள் வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய திரையில் ஒரே சமயத்தில் முப்பது பேருடைய ஆட்டம் முப்பது கட்டங்களில் ஓடும். முப்பது பாட்டும் முப்பது வெடிச்சத்தமும் சேர்ந்து காதில் விழுந்தால் மண்டை என்னத்துக்கு ஆகும்? அதனால் சத்தத்தை அடைத்துவிடுவாள். திரையின் கீழே ஒரு கோடு போகும். ஆட்கள் இருக்கும்வரை நேராகப் போகும், விட்டுப் போனால் சரியும். கோடு சரிகிற இடம் கெட்ட இடம், சரியாத இடம் நல்ல இடம். அதற்குமேல் நல்லது கெட்டது பற்றி யாராவது அங்கே பேச ஆரம்பித்தால், கையில் ஒரு டீயைக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

தம்பியின் விளையாட்டும் அந்தத் திரைக்குத்தான் வந்தது. முதலாளியிடம் நாலு தடவை போய் நின்று, சிபாரிசு செய்து, கொண்டுவந்ததே அவள்தான்.

தம்பி எதற்கும் நிதானமாக வருகிற ஆள். காலையில் கூப்பிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து வருவான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நாலு வருஷம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அந்த ஒரு விளையாட்டைச் செய்தான். முதல் இரண்டு வருஷம், பக்கவாதம் வந்த அப்பாவைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டு செய்தான். அப்பா போன பிறகு மீதியைத் தனியாகச் செய்தான். 'மேல்மாடி' என்று பெயர் வைத்திருந்தான். லிஃப்ட் ஓடாத கட்டடம். பார்சல்காரர் ஒருவர் மாடி மாடியாக ஏறுவார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு, ஒரு ஆள், ரெண்டு வார்த்தைப் பேச்சு. மொத்த விளையாட்டும் அவ்வளவுதான்.

"எதை வேணா மாத்திக்கோ அக்கா. ஏழாவது மாடியை மட்டும் தொடாதே" என்று சொல்லிக் கொடுத்தான்.

"பாக்கறேன்டா" என்றாள். பார்க்கவில்லை. மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவே மூன்று மாடி ஏறினாள், அதுவும் சத்தத்தை அடைத்துக்கொண்டு. நல்லாத்தான் இருக்கு என்று மூடிவைத்துவிட்டாள். பிறகு முந்நூறு பேரிடம் போயிற்று.

ஏழாவது மாடியில் கோடு மலையிலிருந்து விழுந்தமாதிரி விழுந்தது. அந்த மாடியில் மணியை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மூடிய கதவு நாலு நிமிஷம் அப்படியே நிற்கும். அப்புறம்தான் ஒரு வயசானவர் திறந்து பார்சலை வாங்கிக்கொள்வார். முந்நூறு பேரில் நூற்றெண்பது பேர் அந்தக் கதவுக்கு முன்னால் விட்டுப் போயிருந்தார்கள். விளையாட்டு என்று ஒன்றை வாங்கி நாலு நிமிஷம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். தம்பிக்கு முப்பத்தாறு வயது. இது ஓடினால்தான் அவனுக்கு ஒரு வாழ்க்கை. அவன் நன்மைக்காகவே, மனசார, அந்த நாலு நிமிஷத்தை வெட்டினாள். இப்போது மணியை அழுத்தியதும் கதவு படாரென்று திறந்தது. பெரியவர் கையிலிருந்து தங்கக் காசு கொட்டியது. முதலாளி பெயரையும் மாற்றி 'டக் டக் டெலிவரி' என்று வைத்தார்.

தம்பிக்குப் போனில் சொன்னாள். "சரி" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வெளியீட்டு விழாவுக்கும் வரவில்லை. கோபம் ரெண்டு நாளில் ஆறிவிடும், பேர் வந்தால் அவனே சிரித்துக்கொண்டு வருவான் என்று அவள் இருந்தாள்.

பேர் வந்தது. மூன்றே வாரத்தில் பட்டியலில் முதல் இடம். பஸ்ஸில் ஏறினால் டக் டக், பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் டக் டக். பெரியவர் காசு கொட்டுகிற படம் போட்ட பனியன் வந்தது, குடை வந்தது. நாலு பேர் வாங்கினால் நாற்பது பேர் வாங்குகிறார்கள், நாற்பது பேர் வாங்கிவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவனைத்தான் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். இந்த உலகத்தின் நடப்பு இதுதான், இதில் அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மெயில் வந்தது. சோதனைக்கு விளையாடிய முந்நூறு பேரில் ஒரு பெண், வங்கியில் காசாளர்.

"மேடம், நான் ஏழாவது மாடியில விட்டுட்டுப் போனவ. போரடிச்சு விடல. எங்க அம்மாவுக்கு முட்டிவலி, போன் கிட்ட வந்து எடுக்க லேட்டாகும். நான் ஆறு ரிங் பாத்துட்டு வெச்சிடுவேன், அப்புறம் அவங்க பேசறதே இல்லைன்னு வேற சொல்லிக்குவேன். அன்னிக்கு உங்க விளையாட்டை மூடிட்டு, அவங்க எடுக்கற வரைக்கும் விடாம அடிச்சேன். இப்ப என் பொண்ணுக்கு அதையே வாங்கிக் குடுத்தேன். அந்தப் பெரியவர் கதவுக்குப் பின்னாடியே நிக்கற மாதிரி திறக்கறாரு. அவர் எங்க போனாரு மேடம்?"

அதை அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு கதவை அடைத்துக்கொண்டு, ஏழாவது மாடியில் விட்ட நூற்றெண்பது பேரில் நாற்பது பேரை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். ஒருவன் தூங்கிவிட்டதாகச் சொன்னான். ஒருத்தி பஸ் வந்துவிட்டது என்றாள். "செம போர் மேடம்" என்று உண்மையைப் போட்டு உடைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பதினாறு பேர் வேறு சொன்னார்கள். அப்பாவுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டம்மாவைப் போய்ப் பார்த்தேன். சும்மா மூடிவைத்துவிட்டு அழுதேன். பதினோரு வருஷத்தில், ஏன் விட்டீர்கள் என்று அவள் ஒருவரையும் கேட்டதில்லை. எங்கே விட்டார்கள் என்று மட்டும்தான் பார்த்திருந்தாள்.

முதலாளியிடம் போய், அந்த நாலு நிமிஷத்தைத் திரும்ப வைக்கலாமா என்று கேட்டாள்.

"முதல் இடத்துல ஓடிட்டு இருக்கறதை யாராவது ரிப்பேருக்கு விடுவாங்களாம்மா?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "நல்லா இல்லாமலா நாப்பது லட்சம் பேர் விளையாடறாங்க?"

இதே கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டு அவர்கள் வாயை அடைத்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனாள். அப்பா இருந்த அதே வீடு. தம்பி திறந்தான், உள்ளே வா என்றான், காபி போடப் போனான். அவள் அவன் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"டேய், பழசு இருக்கா? நீ பண்ணினது?"

"இருக்கு."

"போடு. சத்தத்தோட விளையாடணும்."

அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். ஹெட்போனை எடுத்துக் கொடுத்தான்.

இரண்டாவது மாடியில் ஒரு அம்மாள் பார்சல் நசுங்கியிருக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். நாலாவது மாடியில் ஒரு குழந்தை விழுந்த பல்லைக் காட்டியது. சிரிப்பு வந்தது அவளுக்கு; இவனுக்கு இவ்வளவு குறும்பு தெரியுமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. ஏழாவது மாடியில் மணியை அழுத்தினாள்.

உள்ளே வெகுதூரத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. கையூன்றி நடக்கிற வாக்கரைத் தூக்கி வைக்கிற சத்தம். அப்புறம் செருப்புத் தேயும் சத்தம், ஒரு கால் வருகிறது, இன்னொரு கால் இழுபட்டு வருகிறது. நின்று மூச்சு வாங்குகிற சத்தம். மறுபடி வாக்கர். தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம். அந்தச் செருமலை ஆயிரம் பேர் நடுவில் கேட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

"இதோ வந்துட்டேம்மா" என்றார் அப்பா.

அவள் அழுதாள். அழுதுகொண்டே கடைசிவரை கேட்டாள். நாலு நிமிஷம் ஆனதும் திரையில் கதவு திறந்து, பெரியவர் பார்சலை வாங்கிக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றினாள்.

"எப்படா எடுத்தே இதை?"

"விளையாட்டுக்கு வீட்டுச் சத்தம் வேணும்னு ஹால்ல மைக் வெச்சிருந்தேன். நீ வந்த ஒரு ஞாயித்துக்கெழமை."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ விளையாடிப் பாப்பேன்னு நெனச்சேன்."

இதைவிட அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனசு எதையாவது பிடித்துக்கொள்ளத் தவித்தது.

"எனக்காக நாலு நிமிஷம் நடந்திருக்காருடா" என்றாள்.

தம்பி காபித் தம்ளரைக் கீழே வைத்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்ல அவனுக்கு எப்போதும் வராது.

"முழுசும் உனக்கில்ல அக்கா. உனக்கு நடந்தது ஒரு நிமிஷம் பத்து செகண்டுதான். அதுக்குள்ள நீ உன் சாவியைப் போட்டுத் திறந்துட்டே."

அவளுக்கு ஞாபகம் வந்தது. மணி அடிப்பாள், யாரும் வரவில்லை என்றால் தன்னிடம் இருந்த சாவியைப் போடுவாள். அப்பா ஹால் நடுவில் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருப்பார். ஏம்பா சிரமப்படறீங்க, எங்கிட்டதான் சாவி இருக்கே என்பாள். அவர் தலையாட்டிவிட்டு மெல்லத் திரும்பி நாற்காலிக்குப் போவார். அவருக்கு நடை மிச்சம் என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"சனிக்கெழமையே சொல்ல ஆரம்பிச்சுடுவாரு, நாளைக்கு நான்தான் அவளுக்குத் திறப்பேன், நீ குறுக்க வராதேன்னு. ரெண்டு வருஷத்துல உனக்குத் திறக்க ஒரு தடவை கூடக் கதவுகிட்ட வந்து சேரல. உன் சாவி சத்தத்தை எடுத்துட்டு, மீதிக்கு வேற ஒரு நாள் நடையை ஒட்டிக்கிட்டேன்."

"அந்த நாள் யாருக்குத் திறந்தாரு?"

"கரண்ட் மீட்டர் பாக்க வந்தவருக்கு" என்றான் தம்பி. "இன்னும் முப்பது வீடு பாக்கி இருக்குன்னு சொன்னாரு. ஆனா அப்பா வந்து திறக்கற வரைக்கும் நின்னாரு."